கருகிப் பிடித்த எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடா: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பலகாரம் சுடும் எவர்சில்வர் வாணலியின் விளிம்பிலும் வெளிப்புறத்திலும் தேன் நிறத்தில் தொடங்கி, நாளடைவில் கறுத்து இறுகிவிடும் எண்ணெய்க் கறையை அகற்ற, எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகச் சமையல் சோடாவையே முதன்மையாகப் பயன்படுத்தி வருகிறேன். புளி, எலுமிச்சை, வினிகர், சீயக்காய்த் தூள், விறகுச் சாம்பல் ஆகியவற்றையும் இதே வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைப்பதற்கு இவற்றுள் எதுவும் ஈடாகவில்லை.

மிகுந்த சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, வார்னிஷ் பூச்சைப் போல உலோகத்தின் மேல் இறுகிவிடுகின்றன. அன்றாடப் பிசுக்கை எளிதாக எடுத்துவிடும் பாத்திரச் சோப்பு இந்தக் கறையிடம் தோற்றுப்போவது இதனால்தான். நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தால் இக்கறை விரைவாகப் படிகிறது. தேங்காய் எண்ணெயில் அவ்வளவு விரைவாகப் படிவதில்லை.

சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவைக்குமாறு பலரும் சொல்வார்கள். புதிய கறைக்கு அது போதும். பழைய கறைக்குப் போதாது. பச்சைத் தண்ணீரில் கரைந்த சமையல் சோடாவின் காரத்தன்மை மிகக் குறைவு, பி.எச். அளவு ஏறத்தாழ 8 மட்டுமே. அதையே கொதிக்க வைக்கும்போது கரியமில வாயு வெளியேறி, சோடாவின் ஒரு பகுதி சலவைச் சோடாவாக மாறுவதால் காரம் ஏறுகிறது. அந்தக் காரமும் சூடும் சேர்ந்துதான் இறுகிய படலத்தை இளக்குகின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி என்ற கணக்கில் சோடாவைக் கலந்து, 20 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் சூடு வரும்வரை அப்படியே விட்டுவைத்த பின் தேங்காய் நாரால் தேய்ப்பேன். கறை பெரும்பாலும் ஏடாக உரிந்து வரும். வெளிப்புறக் கறைக்கு, வாணலியையே மூழ்கடிக்கும் அளவுள்ள எவர்சில்வர் அண்டா வேண்டும். அலுமினிய அண்டாவை இதற்கு எடுக்கக் கூடாது. பேக்கலைட் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் அது தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஏறிய கறை ஒரே தடவையில் முழுதும் போகாது. மறுநாள் ஒருமுறை கொதிக்க வைப்பது, கம்பி நாரால் முரட்டுத்தனமாகத் தேய்த்துக் கீறல் விழச் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

சோடாவின் மேல் வினிகரை ஊற்றி நுரை பொங்கச் செய்யும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால், நுரை அடங்கிய பின் எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசலே. வினிகருக்கும் எலுமிச்சைக்கும் வேறு வேலை உண்டு: கறை போன பிறகு எவர்சில்வரில் தெரியும் வெண்படிவையும் வானவில் நிறத் திட்டுகளையும் அவை நன்றாகப் போக்குகின்றன. புளி, பித்தளையின் களிம்புக்கு உரியது. சாம்பலில் காரம் உண்டு என்பதால் அது ஓரளவு கைகொடுக்கிறது. ஆயினும் சலிக்காத சாம்பலின் பருமணல் பளபளப்பைக் கெடுத்துவிடும்.

எந்த உலோகம் என்று பார்க்காமல் இம்முறையைக் கையாளவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் சோடா நீரைக் கொதிக்க வைத்தால், மேலிருக்கும் காப்புப் படலம் அரிக்கப்பட்டுப் பாத்திரம் கறுத்துவிடும். மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய ஹார்டு அனடைஸ்டு அலுமினிய வகைக்கும் இது பொருந்தும். இரும்புத் தோசைக்கல்லிலும் இருப்புச்சட்டியிலும் நாம் பழக்கி ஏற்றும் கறுப்புப் பூச்சு இதே இறுகிய எண்ணெய்தான் என்பதால், சோடா அதையும் உரித்துவிடும். பிறகு மாவு ஒட்டும், துருவும் ஏறும். துருப்பிடித்த கல்லை முதலிலிருந்து பழக்க விரும்புவோர் மட்டுமே அதில் சோடாவைப் பயன்படுத்தலாம்.

சீயக்காய்த் தூளை நான் இன்னும் கைவிடவில்லை. பொரித்து முடித்த அன்றே, எண்ணெய் வடித்த வாணலியில் சூடு ஆறுமுன் அதைத் தூவித் தேய்த்துவிட்டால், கறை ஏறுவதே குறைந்து, சோடாவைக் கொதிக்க வைக்கும் தேவை எப்போதாவதுதான் வருகிறது.