வீட்டுத் தோட்டத்து வெளிநாட்டுப் பறவையும் நிக்கான் பி950 கேமராவும்

தென் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ், ஆரஞ்சு கவுண்டிப் பகுதிகளில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தினை, சாமை போன்ற சிறுதானியங்களைத் தட்டில் வைப்பவர்கள், கோடைக்காலத்தில் ஒரு நாள், தன் உடலைவிட நீளமான கறுப்பு வாலுடனும் செந்நிற அலகுடனும் வந்து அமரும் கறுப்பு வெள்ளைச் சிறுபறவையைக் கண்டு திகைப்பதுண்டு. அது பின் டெயில்டு வைடா. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தப் பறவை, கூண்டுப் பறவை வணிகத்தின் வழியாக அமெரிக்காவுக்கு வந்து, தப்பியும் விடுவிக்கப்பட்டும் இங்கே பெருகியது. இத்தகைய பறவையை முறையாகப் படமெடுத்து ஆவணப்படுத்த நிக்கான் கூல்பிக்ஸ் பி950 எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்கிறேன்.

2020ஆம் ஆண்டு ஏறத்தாழ 800 டாலர் விலையில் வெளிவந்த இந்தக் கேமராவில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஆனால் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரைக்கும் ஈடான 83 மடங்கு ஒளியியல் ஜூம் அந்த ஒரே லென்ஸில் அடங்கியிருக்கிறது. எடை சுமார் ஒரு கிலோ. பலர் இதை வாங்குவதே அந்த 2000 மி.மீ. எண்ணுக்காகத்தான். கொல்லைப்புறப் பறவைக்கு அந்த எண் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்பதே என் முடிவு. கணக்கும் அதையே காட்டுகிறது. பத்து மீட்டர் தூரத்தில் முழு ஜூமையும் பயன்படுத்தினால், சட்டகத்துக்குள் கிடைக்கும் காட்சியின் அகலம் சுமார் 17 செ.மீ. மட்டுமே. வைடா ஆணின் உடல் 12 அல்லது 13 செ.மீ. நீளம்தான் என்றாலும், இனப்பெருக்கக் காலத்து வால் அதனுடன் மேலும் 20 செ.மீ. சேர்த்துவிடுகிறது. ஆகவே முழு ஜூமில் எடுத்த படத்தில், அந்தப் பறவையை அடையாளம் காட்டும் வாலே வெட்டுப்பட்டுவிடும். 1000 மி.மீ. அளவுக்கோ அதற்கும் கீழாகவோ ஜூமைக் குறைத்துக்கொண்டால் வாலும் முழுமையாகக் கிடைக்கிறது, கை நடுக்கமும் குறைகிறது, அபெர்ச்சரும், அதாவது ஒளி நுழையும் துளையும், எஃப் 6.5 வரை சுருங்குவதில்லை. முழு ஜூமில் இந்த லென்ஸ் ஐந்து மீட்டருக்கு அப்பால் உள்ளவற்றைத்தான் குவியப்படுத்தும் என்பதையும் தானியத் தட்டுக்கு இடம் தேடும்போதே கருத்தில் கொள்ள வேண்டும். தட்டை எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர் தொலைவில், பின்னால் வேலியோ கிளைக்கொத்தோ நெருங்கியிராத இடத்தில் தொங்கவிடுவது நல்லது.

இந்தக் கேமராவின் உண்மையான வரம்பு தூரம் அல்ல, வெளிச்சம். ஒளியைப் பதிவுசெய்யும் இதன் சென்சார் 1/2.3 அங்குலம்தான், பல கைப்பேசிகளின் சென்சார் இதைவிடப் பெரியது. மங்கலில் ஒளியுணர்திறனைக் கூட்டி, ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டும்போது இறகுகளின் நுண்கோடுகள் குழைந்து ஒன்றாகிவிடுகின்றன. பெண் பறவையை அடையாளம் காண்பதற்கு அந்த நுண்கோடுகளே ஆதாரம் என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. வைடாவின் பெண்ணும், இனப்பெருக்கக் காலம் முடிந்து வாலை உதிர்த்த ஆணும், முதல் பார்வைக்குச் சாதாரணச் சிட்டுகளைப் போலப் பழுப்பு நிறத்தில் கீற்றுகளுடன் இருக்கும். தலையில் நீளவாக்கில் மாறி மாறி ஓடும் கறுப்பு, வெளிர்பழுப்புப் பட்டைகளும் அலகின் நிறமும்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. எனவே காலைச் சாய்வெயில் பறவையின் முகத்தில் விழும்படி நின்று, பக்கவாட்டில் ஒன்று, முன்னிருந்து ஒன்று, முதுகு தெரிய ஒன்று எனப் படங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில், சூடேறிய சிமெண்டுத் தரையின் மேலெழும் வெப்பக் காற்று படத்தை நெளியவைக்கிறது. அதைச் சரிசெய்ய எந்த லென்ஸாலும் இயலாது. மூடிய ஜன்னல் கண்ணாடியின் வழியாக எடுப்பதும் கூர்மையைக் குறைத்துவிடும்.

மோட் டயலில் பறவைகளுக்கெனத் தனி நிலை ஒன்று இருக்கிறது. புதியவர்களுக்கு அது போதும். ஆனால் வைடா ஆண், பெண்ணின் முன்னே காற்றில் நின்றபடி மேலும் கீழுமாக எழும்பித் தாழும் அந்தக் காதலாட்டத்தைப் பதிவுசெய்ய விரும்புபவர், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நாமே தீர்மானிக்கும் ஷட்டர் முன்னுரிமை நிலைக்குச் சென்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவான நேரமோ வைத்துக்கொள்வது நல்லது. தொடர் படப்பிடிப்பில் நொடிக்கு ஏழு படங்கள் வீதம் பத்துப் படங்கள் வரை கிடைக்கும். பின்னர் அவை நினைவக அட்டையில் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கியவுடனேயே விரலை அழுத்தாமல், ஆண் உச்சிக்கு எழும்பும் தருணம் வரை பொறுப்பது உத்தமம். பறவை சட்டகத்தைவிட்டு நழுவினால், லென்ஸின் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தியதும் காட்சி தற்காலிகமாக விரிந்து, விட்டதும் பழைய ஜூமுக்கே திரும்புகிறது. இதன் வசதிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதையே.

இந்தப் பறவையைப் படமெடுப்பதில் அழகையும் தாண்டிய ஒரு தேவை உண்டு. வைடா சொந்தமாகக் கூடு கட்டுவதில்லை. பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆப்பிரிக்காவில் அதற்கு இடமளிப்பவை வேக்ஸ்பில் எனப்படும் சிறு பறவைகள். கலிபோர்னியாவிலோ அது புள்ளிச் சில்லையின் கூட்டை நாடியிருக்கிறது. தமிழ்நாட்டின் வயலோரங்களில் நாம் கூட்டமாகக் கண்டு பழகிய அதே புள்ளிச் சில்லைதான். அதுவும் கூண்டிலிருந்து தப்பி இங்கே குடியேறிய பறவையே. ஆப்பிரிக்கப் பறவை ஒன்றும் ஆசியப் பறவை ஒன்றும் மூன்றாவது கண்டத்தில் முதன்முறையாகச் சந்தித்து, ஒன்றின் குஞ்சை மற்றொன்று வளர்க்கிறது. வைடா குஞ்சு தன்னை வளர்க்கும் பறவையின் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை. அவற்றோடு சேர்ந்தே வளர்கிறது. ஆகவே புள்ளிச் சில்லை தன் குஞ்சல்லாத ஒன்றுக்கு இரை ஊட்டும் காட்சி உங்கள் தோட்டத்தில் கிடைத்தால், படம் சற்று மங்கலாக இருந்தாலும் அதற்குப் பெரும் மதிப்பு உண்டு. பறவை கலையாதபடி தொலைவில் நின்றே அக்காட்சியை எடுக்க முடிவது பி950 தரும் நன்மை. கூட்டை நெருங்கி எடுப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

சோனி ஆர்எக்ஸ்10 IV இதைவிடத் தெளிவான படங்களைத் தரும். அதன் ஒரு அங்குலச் சென்சாரும் நொடிக்கு 24 படங்கள் எடுக்கும் வேகமும் காதலாட்டத்துக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் ஜூம் 600 மி.மீ. வரைதான், வெளியீட்டு விலையோ பி950ஐப் போல இரு மடங்குக்கும் மேல். சுவரில் மாட்டப் பெரிய அச்சுப்படம் வேண்டுமென்பவர் அந்தப் பக்கம் போகலாம். பறவை நோக்குவோர் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் பதிவேற்ற, ஐயத்துக்கு இடமில்லாத சான்றுப் படம் வேண்டுமென்பவருக்கு பி950 போதும் என்பேன். அந்தத் தளம் அயல் பறவைகளை நிலைபெற்றவை, தற்காலிகமாக ஏற்கப்பட்டவை, தப்பியவை என மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. புதிதாக ஒரு பகுதியில் தோன்றும் பறவையைப் பற்றிய பதிவைச் சரிபார்ப்பவர்களுக்கு, வெறும் வாய்ச்சொல்லைவிட வாலும் அலகும் தெளிந்த ஒரு படம் பேருதவியாக இருக்கும். வாங்குபவர்கள் கூடவே இரண்டாவது மின்கலம் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மின்கலம் ஏறத்தாழ 290 படங்களுக்குத்தான் வரும்.