மார்பு அழுத்தம்: கையா, கருவியா?

இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன பெரியவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவரும் விரைவில் களைத்துவிடுவார் என்பதால், இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கின்றன சிகிச்சை நெறிமுறைகள். ஸ்வீடனில் உருவான லூகாஸ் கருவியோ, பேட்டரி இருக்கும்வரை ஒரே வேகத்தில், ஒரே ஆழத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும்.

இதைக் கேட்டால் கருவியே மேல் என்று தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2014இல் வெளியான, ஏறத்தாழ 2,600 பேரை உள்ளடக்கிய லிங்க் ஆய்வில், நான்கு மணி நேரம் கழித்தும் உயிருடன் இருந்தோர் கருவியால் அழுத்திய பிரிவிலும் கையால் அழுத்திய பிரிவிலும் சுமார் 24 சதவீதமே. பிரிட்டனின் பாராமெடிக் ஆய்வில் (2015) 30 நாள் கடந்தும் பிழைத்திருந்தோர் கருவிப் பிரிவில் 6 சதவீதம், கையால் அழுத்திய பிரிவில் 7 சதவீதம். முதுகுக்கு அடியில் பலகையைச் செருகிக் கருவியைப் பொருத்தும் நேரத்தில் அழுத்தம் தடைபடக்கூடும் என்பதையும், அந்த நொடிகளில் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது என்பதையும் இங்கே மறக்கலாகாது.

ஆயினும் ஓடும் ஆம்புலன்ஸில் நின்றுகொண்டு சீராக அழுத்துவது கடினம், ஊழியருக்கும் ஆபத்து. இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறையில், எக்ஸ்ரே கதிருக்கு நடுவே, கருவிக்கு ஈடு இல்லை. உடல் வெப்பம் மிகவும் குறைந்து, மணிக்கணக்கில் அழுத்த வேண்டியவர்களுக்கும் அதுவே பொருந்தும். வீட்டிலோ தெருவிலோ விழுந்தவருக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை, அருகில் நிற்பவரின் இரு கைகளைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே நிதி குறைவான ஊரில் மக்களுக்கான பயிற்சிக்கே முதலில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.