கொக்கி பயனெட்: முத்திரையை நம்புவதா, இரும்பை நம்புவதா?

பயனெட் என்பது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. பிரிட்டனின் 1907 மாதிரி பயனெட்டில், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் காப்பில் இருந்த கொக்கியை 1913இல் கைவிட்டார்கள்; பழையவற்றிலும் வெட்டி எடுத்தார்கள். கொக்கியோடு தப்பியவை அரிது. அதனால்தான் சாதாரணமானதில் கொக்கியைப் பற்றவைத்து விற்கிறார்கள்.

முத்திரை பார்ப்பது சுலபம். அலகின் அடியில் கிரீடம், 1907, அப்புறம் மாதமும் ஆண்டும் இருக்கும். 1907 என்பது மாதிரியின் ஆண்டு. பலர் அதையே தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டன் தயாரிப்பில் ஆண்டு 16 (அதாவது 1916) என்றிருந்தால் கொக்கி போலிதான். சரி, ஆண்டு 10 என்றால்? கொக்கி வெட்டப்பட்ட அசலிலேயே புதியதை ஏற்றியிருக்கலாம். முத்திரை அதைக் காட்டிக்கொடுக்காது.

இரும்பு காட்டிக்கொடுக்கும். அசலில் காப்பும் கொக்கியும் ஒரே துண்டு. வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடியில் கொக்கியின் அடியைப் பாருங்கள்: ஊசித்துளைகள், அரம் ஓடிய கீறல், நிறமாற்றம், எல்லாம் பற்றவைத்த தடங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நான் வாங்கமாட்டேன், முத்திரை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.