கிறிஸ்மஸ் வான்கோழியை ஏலத்தில் எடுப்பது: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

சூப்பர்மார்க்கெட்டை விட மலிவா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். இல்லை. உறையவைத்து விற்கிற சாதாரண வான்கோழியின் விலைக்கு ஏலத்தில் எதுவும் அகப்படாது. ஆனால் இறைச்சிக்கடையில் மாதக்கணக்கில் முன்பே சொல்லிவைத்து வாங்குகிற பண்ணைப் பறவை இருக்கிறதே, அதே தரத்தை நேரில் பார்த்து, பல சமயம் குறைத்தும் எடுக்கலாம். இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிற எனக்கு மெல்டன் மோப்ரே சந்தை காரில் அரை மணி நேரம்தான். 1086இல் அரசர் எடுத்த டூம்ஸ்டே என்கிற நிலக் கணக்கெடுப்பிலேயே பதிவான சந்தை அது. செவ்வாய்க்கிழமைகளில் ஆடு மாடு விற்கிற அதே இடத்தில் டிசம்பரில் அறுத்து இறகு பறித்த கோழி, வாத்து, வான்கோழி ஏலமும் நடக்கும். வேறு ஊர்களுக்கும் போயிருக்கிறேன். நடைமுறை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் பெயர், முகவரி கொடுத்து வாங்குபவர் எண் எடுத்த கையோடு மேசைகளைச் சுற்றிவர வேண்டும். அதற்கென்றே முன்கூட்டிப் போய்விடுவேன். ஏலம் தொடங்கிவிட்டால் ஏலம் கூறுபவரின் வேகத்துக்கு நம் காது ஓடாது. பறவைகளை நெஞ்சு மேலே தெரிய வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். சில கழுவித் துடைத்து, நேரே அவன் (oven) அடுப்புக்குள் வைக்கிற பதத்தில் இருக்கும். சிலவற்றில் இறகு மட்டும் பறித்திருக்கும். தலை, கால், குடல் எல்லாம் அப்படியே. இந்த இரண்டையும் கிலோ விலையில் ஒப்பிடவே கூடாது. சுத்தம் செய்தால் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கழிந்துவிடும். 10 கிலோ என்று எடுத்தது சட்டிக்கு வரும்போது 8 கிலோ இருந்தால் பெரிது. ஒரு சந்தையில், பறவையோடு இருக்கிற துண்டுச் சீட்டில் எழுதியிருப்பது சுத்தம் செய்வதற்கு முந்திய நிறையா, பிந்திய நிறையா என்று கேட்டேன். மேசையில் நின்றவர் ஒன்று சொன்னார், காசு கட்டுகிற இடத்தில் வேறொன்று சொன்னார்கள். அந்தப் பக்கம் இப்போது போவதில்லை.

ஆனாலும் தலை காலோடு இருக்கிற பறவையைத்தான் நான் விரும்புவேன். வயதைக் காலே சொல்லிவிடும். வான்கோழிச் சேவலுக்குக் கால் வழவழப்பாகவும் முள் சின்னதாகவும் இருந்தால் இளசு. கூஸ் வாத்துக்குப் பாதம் மெத்தென்று மஞ்சளாக இருக்க வேண்டும், கீழ் அலகு வளைய வேண்டும். நெஞ்செலும்பின் நுனியை அழுத்தினால் குருத்தெலும்பு போல அமுங்குகிறதா என்று அம்மா ஊர்க்கோழிக்குப் பார்ப்பது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. தொடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள். பிரோன்ஸ், நோர்ஃபோக் பிளாக் போன்ற கரிய வான்கோழி இனங்களின் தோலில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அழுக்கில்லை, இறகின் அடிக்குருத்து. வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பதையே தேடிப்போகிறவர்கள் இவற்றை விட்டுவிடுவார்கள். எனக்கு அது நல்லதுதான்.

இனி விலை. ஏலத்தில் மல்லுக்கட்டு நடப்பது 5, 6 கிலோ பெட்டை வான்கோழிக்குத்தான். ஒரு குடும்பத்துக்குப் போதும், எந்த வீட்டு அவனுக்குள்ளும் போகும், அதனால் எல்லாக் கையும் அதற்கே உயரும். 12 கிலோவுக்கு மேல் ஒரு சேவல் வந்ததும் கூட்டம் சட்டென்று அடங்கிவிடும். கிலோக் கணக்கில் பார்த்தால் அன்றைய மலிவு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஒருமுறை கூட வந்த நண்பர் காதுக்குள் கேட்டார்: “அண்ணை, இது எங்கட அவனுக்குள்ள போகுமே?”

“முழுசா ஏன் போகவேணும்?” என்றேன்.

ஊரில் நாலு வீடு சேர்ந்து ஆடு அடித்துப் பங்கு போடுகிற மாதிரி, பெரிய சேவலை எடுத்து நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம். நெஞ்சுப் பகுதி ரோஸ்ட்டுக்கு, கால்களும் முதுகும் கறிக்கு, கழுத்தும் எலும்பும் ரசத்துக்கு. வெள்ளைக்காரக் குடும்பங்கள் மேசை நடுவில் முழுப் பறவையை வைக்க விரும்புகிற வரைக்கும் இந்த மலிவு எங்களுக்குத்தான். கூஸ் வாத்தில் இந்த வித்தை பலிக்காது. அதற்கு எப்போதும் ஆள் உண்டு, எலும்பும் கொழுப்பும் போக இறைச்சி குறைவு. 5 கிலோ வாத்து ஆறேழு பேருக்குத்தான் வரும். உருகி வடிகிற நெய்யை உருளைக்கிழங்குக்கு எடுத்துவைப்பவர்களுக்கு மட்டும் அந்தக் காசு தகும்.

மனதில் ஒரு உச்ச விலை வைத்துக்கொள்ளும்போது கட்டணத்தையும் சேர்த்தே வையுங்கள். சில ஏல நிலையங்கள் வாங்குபவரிடமும் கமிஷன் எடுக்கும், அந்தக் கமிஷனுக்கு 20 வீதம் வாட் வரி வேறு. கமிஷன் 10 வீதம் என்றால் 50 பவுணுக்கு விழுந்த பறவைக்கு 56 பவுண் கட்ட வேண்டும். பறவையின் விலைக்கு வாட் இல்லை, அது உணவு என்பதால்.

2022 ஒரு மோசமான வருடம். பறவைக் காய்ச்சலால் நவம்பர் 7 முதல் இங்கிலாந்து முழுக்கப் பறவைகளை உள்ளே அடைக்க உத்தரவு வந்தது. திறந்தவெளியில் வளர்ந்த 12, 13 லட்சம் வான்கோழிகளில் ஏறக்குறைய 6 லட்சம் போய்விட்டதாக வளர்ப்புத் துறையினர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். முன்கூட்டியே அறுத்து உறையவைத்து, பிறகு உருக்கி விற்கவும் அந்த நவம்பர் 28 முதல் டிசம்பர் கடைசி வரை அனுமதி கொடுத்தார்கள். அன்றிலிருந்து, இது உறைந்து உருகியதா என்று கேட்காமல் நான் கை தூக்குவதில்லை. உருகியதைப் பச்சையாக மறுபடி உறையவைக்கக் கூடாது.

ஏலம் 25ஆம் தேதிக்கு வெகு முன்னால் வந்தால் புதிய பறவையை அன்றே உறையவைத்துவிடுவேன். உருக்குவதற்குக் குளிர்பெட்டியிலேயே கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும், ஆகவே 6 கிலோ பறவைக்கு மூன்று நாள் என்று கணக்கு வையுங்கள். சமைக்குமுன் குழாயடியில் கழுவாதீர்கள், கிருமி சமையலறை முழுக்கத் தெறிக்கும். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் ஏலத்தை விடக் கஷ்டம்.

பெரிய சேவலின் காலில் தசைநார்கள் குச்சி குச்சியாக, எலும்பு மாதிரி விறைத்திருக்கும். பாதத்தை வெட்டும்போதே இழுத்து எடுத்துவிட வேண்டும். வீட்டில் குறடு வைத்துப் போராட வேண்டாம், சந்தையிலிருந்து திரும்பும் வழியில் தெரிந்த இறைச்சிக்கடைக்காரரிடம் கொடுத்தால் கொக்கியில் மாட்டி ஒரே இழுப்பில் எடுத்துத் தருவார். பிறகு துண்டு போட்டு, யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டு, மூடியை இறுக்கி மெல்லிய நெருப்பில் விடுங்கள். கோழிக்கறிக்கு வைக்கிற நேரம் போதாது. எலும்பிலிருந்து சதை கழன்று வரும்வரை வேக வேண்டும்.