மசாஜ் சென்டரில் அத்துமீறல்: இலவச சட்ட உதவி எப்படி இருக்கிறது?

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் இலவச வழக்கறிஞர் சேவைக்கு ஐந்துக்கு நான்கு. "காசு வாங்காத வக்கீல் என்ன பெருசா செஞ்சிடப் போறாங்க" என்று எங்கள் வீட்டிலேயே ஆளாளுக்குச் சொன்னார்கள். பல வீடுகளிலும் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அண்ணி கழுத்து வலிக்காக ஒரு மசாஜ் சென்டருக்குப் போனார். அங்கே வேலை பார்ப்பவன் அவரிடம் அத்துமீறினான். அண்ணியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன், ஊர் பெயரும் கடைப் பெயரும் சொல்ல மாட்டேன். மேனேஜரிடம் சொன்னதற்கு, கட்டின பணத்தைத் திருப்பித் தருகிறோம், இன்னும் சில தடவை இலவசமாக வந்துகொள்ளுங்கள், 'எனக்குப் புகார் ஏதும் இல்லை' என்று இந்தத் தாளில் மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். அண்ணி போடவில்லை. யாராவது பதற்றத்தில் போட்டிருந்தாலும் போலீசில் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது, பயப்பட வேண்டாம்.

15100-க்குப் போன் செய்தோம். சட்ட உதவிக்கான எண் அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, நேரில் போங்கள் என்றார்கள். அங்கே இருந்த ஊழியர் வருமானச் சான்றிதழ் கேட்டார். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, லட்சம் சம்பளம் வாங்கினாலும் இலவச வக்கீல் உண்டு. அதைச் சொன்னதும் மனுவை வாங்கிக்கொண்டார். ஆனால் எத்தனை பேருக்கு இது தெரியும்? சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. கழித்த அந்த ஒரு மார்க்கில் பாதி இதற்குத்தான்.

எங்களுக்கு ஒதுக்கிய வக்கீல் மேடம் செய்த வேலையைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அண்ணி எழுதிக்கொண்டு போன புகாரில் 'தவறாக நடந்துகொண்டார்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். வேறு எப்படி எழுதுவார், பாவம். மேடம் அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜையில் விரித்தார். "இது நீங்கன்னு வெச்சுக்கோங்க. படுக்கச் சொன்னப்போ துண்டு எதுவரைக்கும் இருந்துச்சு? கழுத்து வலின்னு தானே சொன்னீங்க, அப்போ துண்டை யார் இறக்கினது, உங்ககிட்ட கேட்டுட்டு இறக்கினானா?" அண்ணி வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்பட்ட இடங்களில் துண்டை நகர்த்திக் காட்டினார். மேடம் அதை அப்படியே எழுதினார், எந்தக் கை, உடம்பில் எந்த இடம், அவன் என்ன சொன்னான், அண்ணி என்ன சொன்னார் என்று. அவசரப்படுத்தவே இல்லை. நடுவில் அண்ணி அழுதபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், மசாஜ் வழக்குகளில் எதிர்த் தரப்பு எப்போதும் சொல்வது ஒன்றுதான்: தொடுவதுதான் என் வேலை, அது சிகிச்சையின் பகுதி. கழுத்தைப் பிடித்துவிடச் சம்மதித்தவர் மற்றதற்கெல்லாம் சம்மதித்ததாக ஆகாது, ஆனால் எல்லையைத் தாண்டினது எங்கே என்று புகாரிலேயே இருக்க வேண்டும். எந்தப் பிரிவு போடுவார்கள் என்பதும் அதை வைத்துத்தான். பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கத்தில் தொட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 74, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஆடையைக் களையப் பலவந்தம் செய்தால் 76. ஒளிந்து பார்த்தாலோ படம் எடுத்தாலோ 77. விரலையோ பொருளையோ பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ நுழைத்தால் அது சட்டப்படி பாலியல் வன்புணர்வு, பிரிவு 63, குறைந்தபட்சமே பத்தாண்டு. 2013-இலிருந்து வன்புணர்வுக்கான வரையறை இப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் 'முழுசா நடக்கலையே' என்று இதைச் சின்னக் குற்றமாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

அப்புறம், "ஏன் கத்தவில்லை?" அண்ணியிடம் சொந்தக்காரர்களே கேட்டார்கள். உடம்பு மரத்துப்போய் அசைய முடியாமல் கிடந்தேன் என்றார். எதிர்த்துப் போராடவில்லை என்ற காரணத்தால் மட்டும் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று 63-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இதை மேடம் சொன்னபோதுதான் அண்ணி தலை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில், சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் வராது என்றார்கள். எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்யலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள், குற்ற வழக்கு நடைமுறைக்கான புதுச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-இல் இருக்கிறது. பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். புகார் மனு வந்தது என்பதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்ய இடமிருக்கிறது, அதைக் காட்டி இழுத்தடிப்பதும் உண்டு. பதிவு செய்யவே மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 74 போன்ற பிரிவுகளில் பதிவு செய்ய மறுக்கிற அதிகாரிக்கே நியாய சன்ஹிதா 199-இல் தண்டனை உண்டு. மேடம் கூட வந்து இதைச் சொன்னதும் ரைட்டரின் பேச்சே மாறியது.

வன்புணர்வு என்றால் குளிப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் அதுவே குற்றம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் பரிசோதனை' கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் திரும்பவும் சொல்லிவிட்டது. நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், 74-க்கெல்லாம் காலவரம்பு கிடையாது. ஆனால் ரிசப்ஷன் சிசிடிவி பதிவு நிற்காது, அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி மேடம் அன்றைக்கே நோட்டீஸ் அனுப்பினார். புக்கிங் மெசேஜ், பணம் கட்டிய ரசீது, சம்பவத்துக்குப் பிறகு யாரிடமாவது சொல்லி அழுத வாட்ஸாப் செய்தி, எதையும் அழிக்காதீர்கள்.

கிரிமினல் வழக்கு ஒன்றுதான் வழி என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் அங்கே வேலை செய்யும் பெண் மட்டுமல்ல, வாடிக்கையாளரும் புகார் தரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், சின்னக் கடை என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். அதோடு சேவைக் குறைபாடு என்று சென்டர் மேலேயே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் இழப்பீடு கேட்கலாம், கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ஊழியன் மேல் மட்டும் பழியைப் போட்டு முதலாளி ஒதுங்கிக்கொள்ள முடியாத வழி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வன்புணர்வு வழக்குகளில் தேசிய சட்டப் பணிகள் ஆணையமான நால்சாவின் 2018 திட்டப்படி நான்கு லட்சம் முதல் ஏழு லட்சம் வரை அரசு இழப்பீடு தருகிறது, அதற்கான மனுவையும் இதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில்தான் கொடுக்க வேண்டும்.

மீதிக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேடத்துக்கு வேறு கோர்ட்டில் வேலை இருந்த ஒரு நாள், ஃபைலையே பார்க்காத ஜூனியர் ஒருவர் வந்து அண்ணியை முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வைத்தார். அன்று இரவு அண்ணி சாப்பிடவே இல்லை. இன்னொன்று, கோர்ட்டில் வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர்தான், நம் வக்கீல் அவருக்கு உதவியாக மட்டுமே நிற்க முடியும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஏமாற்றம் இருந்திருக்காது.

பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் நிலைமை மோசம். 74-உம் 63-உம் பெண்களுக்கு மட்டும்தான், ஆண்களுக்கும் பொருந்திய பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஐயும் புதுச் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள், காயம் ஏற்படுத்தியது போன்ற பிரிவுகளில்தான் போக வேண்டியிருக்கிறது. இது பெரிய அநியாயம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஆணோ பெண்ணோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் உண்டு.

அலுவலகம் கோர்ட் நேரத்தில்தான் இயங்கும், வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட வேண்டிவரும். ராத்திரி நேரத்தில் உடனே உதவி வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள், ஒன் ஸ்டாப் சென்டரில் தங்க இடம், ஆலோசனை, ஸ்டேஷனுக்குக் கூட வர ஆள் எல்லாம் ஏற்பாடு செய்வார்கள். போகும்போது புகாரின் நகல் இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றில் சீல் வைத்து வாங்காமல் எந்த அலுவலகத்தை விட்டும் வெளியே வராதீர்கள்.