சாவரின் ஹில்லா, பார்க்கர்வில்லா?

தங்க வேட்டைக் காலத்து ஊருக்குள் ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு இடங்கள். ஒன்று ஆஸ்திரேலியாவின் பல்லராட்டில் உள்ள சாவரின் ஹில், இன்னொன்று கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் இருக்கும் பார்க்கர்வில். இரண்டிலும் பழைய உடுப்பில் ஆட்கள் நடமாடுவார்கள், குதிரை வண்டி ஓடும், நீங்களே தங்கம் அரித்துப் பார்க்கலாம். ஆனால் சாவரின் ஹில், 1850களின் பல்லராட் எப்படி இருந்திருக்கும் என்று பழைய ஓவியங்களையும் பதிவுகளையும் வைத்துக் கட்டி 1970இல் திறந்த ஊர். பார்க்கர்வில் அப்படியில்லை, தங்கம் கிடைத்த ஓடைக்கரையிலேயே இன்னமும் நிற்கிற பழைய ஊர்.

போய்வரும் வசதியில் போட்டியே இல்லை. மெல்போர்னில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பல்லராட், மாலையில் வீடு திரும்பிவிடலாம். பார்க்கர்வில்லுக்கு வான்கூவரிலிருந்து நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும், பக்கத்து நகரமான க்வெனெலிலிருந்தே 80 கிலோமீட்டர். அதுவும் கோடையில் போனால்தான் எல்லாம் திறந்திருக்கும்.

சாவரின் ஹில்லின் பலம், அங்கே எல்லாம் ஓடுகிறது என்பதுதான். நீராவி இயந்திரம் நிஜமாகவே நீராவியில் ஓடுகிறது, பட்டறையில் வண்டிச் சக்கரம் நிஜமாகவே செய்கிறார்கள், மிட்டாய்க் கடையில் ராஸ்பெரி மிட்டாயைச் சூடாக உருளையில் விட்டு எடுக்கிறார்கள், வாசனை தெருவரைக்கும் வரும். தங்கத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் காட்டும்போது குழந்தைகள் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். அப்புறம் ஓடை. தட்டில் மணலை அள்ளி, தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி மேல்மண்ணை வழியவிட வேண்டும். அரிசியில் கல் அரித்துப் பழகின கைக்கு இது இரண்டே நிமிடத்தில் பிடிபட்டுவிடும், கனமானது அடியில் தங்கும், அவ்வளவுதான். கடைசியில் ஒரு சிட்டிகை கறுப்பு மணல் மிஞ்சும், அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு மஞ்சளாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஊழியர்கள் ஓடையில் போட்டுவைக்கிற துகள்தான் அது, ஆனாலும் உண்மையான தங்கம், எடுத்தவர் வீட்டுக்கே கொண்டுபோகலாம்.

பார்க்கர்வில்லில் இத்தனை இயந்திரம் கிடையாது, அங்கே பேசுவது மரம்தான். 1862 ஆகஸ்டில் பில்லி பார்க்கர் என்பவர் அங்கே தங்கம் கண்டெடுத்தார், ஊர் அவர் பெயரிலேயே வளர்ந்தது, அவரோ 1894இல் கையில் காசில்லாமல் இறந்தார். 1868 செப்டம்பரில் தீப்பிடித்து ஊரில் பெரும்பகுதி சாம்பலானது, உடனேயே திரும்பக் கட்டினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் நிற்கின்றன. 2024 ஜூலையில் காட்டுத்தீ நெருங்கி வந்து எல்லோரையும் வெளியேற்றியபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் சாவரின் ஹில் எரிந்தால் வரைபடத்தை வைத்துத் திரும்பக் கட்டலாம், இதைக் கட்ட முடியாது.

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அதனால் இந்த மாதிரி இடங்களுக்குப் போனால் கண்டெடுத்தவர் யார் என்பதைவிட, தோண்டினவர்கள் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்றுதான் நான் தேடுவேன். இரண்டு நாட்டுக்கும் சீனர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள், வட அமெரிக்காவைத் தங்கமலை என்றும் ஆஸ்திரேலியாவைப் புதிய தங்கமலை என்றும் அழைத்தார்கள். 1855இல் பல்லராட் இருக்கும் விக்டோரியா காலனியின் அரசு, கப்பலில் வரும் ஒவ்வொரு சீனருக்கும் பத்து பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்கப் பக்கத்துக் காலனியில் ரோப் என்ற துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்கவயல்களுக்கு வந்தார்கள். சாவரின் ஹில்லில் சீனர் முகாம் இருக்கிறது, கூடாரங்களாக. பார்க்கவேண்டிய பகுதிதான், ஆனால் அத்தனை நடந்து வந்தவர்களின் கதைக்கு அது எனக்குப் போதவில்லை. பார்க்கர்வில்லில் தெருவின் ஒரு முனை முழுக்கச் சீனர் பகுதி, கடைகளும் வீடுகளுமாக. 1870களில் கட்டிய சீ குங் டாங் சங்கக் கட்டடம் அப்படியே இருக்கிறது. ஊர் விட்டு வந்தவருக்குத் தங்க இடம், நோயில் விழுந்தவருக்கு உதவி என்று ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்ட இடம் அது. அந்தப் பலகைத் தரையில் நின்றபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

சரி, இரண்டில் எந்த ஊருக்குப் போவது? சின்னப் பிள்ளைகளோடு என்றால் யோசிக்காமல் சாவரின் ஹில், ஒரு நாள் போவதே தெரியாது. பெரியவர்கள் மட்டும், கையில் மூன்று நாள் இருக்கிறது என்றால் பார்க்கர்வில். போனால் ஊரைத் தாண்டி ரிச்ஃபீல்ட் நீதிமன்றம் வரைக்கும் பழைய வண்டிச் சாலையிலேயே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்துவிடுங்கள், அங்கே அந்தக் காலத்து நீதிபதி வழக்கு விசாரித்த விதத்தை நடித்துக் காட்டுவார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் கையோடு இருக்கட்டும்.