உரக்குழியில் பருத்திப் பனியன்: எது மக்கும், எது மிஞ்சும்?

கிழிந்து, தரை துடைத்து, அதற்கும் ஆகாமல் போன பனியன் மண்ணில் என்ன ஆகிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டால், முதலிடம் கையில்லாத வெள்ளைப் பனியனுக்குத்தான். மெல்லிய துணி, சாயமில்லை, பிரிண்ட் இல்லை. ஈரம் காயாத உரக்குழியில் இரண்டு மூன்று மாதத்தில் தொட்டாலே பிய்ந்து வரும்.

துணி போனபின் கழுத்து, அக்குள், அடிமடிப்பு ஓரங்கள் மட்டும் தைத்த வடிவிலேயே வளையம் வளையமாகக் கிடக்கும். காரணம், ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். மெஷின் ஓடும் வேகத்துக்குச் சாதாரணப் பருத்தி நூல் அறுந்துகொண்டே இருக்கும். '100% பருத்தி' என்பது துணிக்கான பேச்சு மட்டுமே. அப்படி அச்சடித்த லேபிளே பல நேரம் பாலியஸ்டர் நாடாதான்!

பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8.5% ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4% தான். ஈரம் ஏறாத இழையில் பூஞ்சைக்கு வேலையில்லை.

டி-ஷர்ட்டில் 'பயோ வாஷ்' என்று போட்டிருந்தால் மக்கும் என்று அர்த்தமில்லை. பருத்தி இழையைச் சிதைக்கும் செல்லுலேஸ் என்ற நொதியில் துணியை அலசி, மேலே நீட்டிய பிசிறை அரித்து எடுப்பதுதான் அது. அந்த நொதியைச் சுரக்கும் ட்ரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை, இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணியைத் தின்றபோது பிடிபட்டது. உரக்குழியில் நடப்பதும் அதே வேலைதான், மெதுவாக.

போடும் முறை: தையல் ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு, துணியை இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, சாணக் கரைசலில் ஓர் இரவு ஊறவைக்கவும். பருத்தியில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய இல்லை. சாணமோ பச்சை இலையோ சேராவிட்டால் அப்படியே கிடக்கும். ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே காய்கறிக் கழிவு. பத்து நாளுக்கு ஒருமுறை கிளறவும். பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். சுருட்டிப் போட்டால் நடுவில் காற்று போகாமல் நாற்றமடிக்கும்.

மற்றவை: சாயத் துணி மக்கும், ஆனால் தாமதமாக. ரப்பர் போல உரியும் பிரிண்ட் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்; அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். ஜட்டியின் எலாஸ்டிக்கும் அப்படியே. லைக்ரா கலந்ததில் பருத்தி கரைந்து, ரப்பர் போல நீளும் அந்தச் செயற்கை இழை மிஞ்சும்.

மோசமானது பருத்தி-பாலியஸ்டர் கலப்பு. பருத்தி பாதி மக்கியதும் பாலியஸ்டர் இழை பஞ்சாகச் சிதறி உரத்தோடு கலந்துவிடும், சல்லடையிலும் நிற்காது. சந்தேகமிருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசம், ஊதினால் பறக்கும் சாம்பல். நுனியில் கறுப்பு மணி கெட்டியாகத் திரண்டால் குழியில் போடாதீர்கள்.